போரை அவன் தலையில் கட்டாதீர்கள்

உலகத்தின் எந்த மூலையில் குண்டு விழுந்து பிள்ளைகள் செத்தாலும், அந்தச் செய்தியோடு ஒரு வாக்கியமும் நம் ஊருக்கு வந்துவிடுகிறது: "எல்லாம் அவன் செயல்." சிதம்பரம் கீழவீதித் தேநீர்க்கடையில் செய்தித்தாளை மடித்து வைப்பவர் இதைச் சொல்கிறார். கடலூர்ப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் சொல்பவர், பதினெட்டாம் போருக்குப் பொருள் விரிக்கும்போது இதையே சொல்கிறார். படித்தவர்கள் இன்னும் கொஞ்சம் நீட்டுவார்கள். போர் மனித முடிவுகளுக்கு அப்பாற்பட்டது, காலம் கனிந்தால் அது வந்தே தீரும், மன்னனும் தளபதியும் சிப்பாயும் வெறும் கருவிகள் என்பார்கள். கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

பேச்சு அங்கே முடியக்கூடாது என்பதுதான் என் கட்சி. கடவுள் இல்லை என்று சொல்லி இந்தக் கருத்தை ஒரே அடியில் தள்ளிவிடலாம். நான் அந்த வழியில் போகப்போவதில்லை. தில்லையில் கைகூப்பி நிற்பவர்களின் நம்பிக்கைக்குள் நின்றே சொல்கிறேன்: போரை இறைவன் செயல் என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது, சைவ சித்தாந்தத்துக்கும் பொருந்தாது, பாரதக் கதைக்கும்கூடப் பொருந்தாது.

ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் "அவன் எடுத்துக்கொண்டான்" என்று அழுதால், அவளோடு எனக்கு வழக்கில்லை. அது தாங்கமுடியாத துயரத்தைத் தாங்க அவள் பிடித்துக்கொண்ட கொம்பு. அதே சொல்லைக் குண்டு போடச் சொன்னவனும், அவனுக்குப் பரிந்து பேசுகிறவனும், ஒதுங்கி நின்று பார்த்த நாமும் எடுத்துக்கொள்ளும்போதுதான் வழக்கு தொடங்குகிறது.

கடலூரிலிருந்தே தொடங்குவோம். 1783 ஜூன் மாதம், கடலூருக்குள் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. வெளியே, சென்னையிலிருந்து ஏப்ரலில் கிளம்பி ஜூன் 7 அன்று வந்துசேர்ந்த ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படை. ஜூன் 13 அன்று நடந்த மோதலில் ஆங்கிலத் தரப்பில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் பேர் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். அவர்களில் பலர் இந்த நாட்டுச் சிப்பாய்கள். ஜூன் 20 அன்று கரைக்கு எதிரே சுஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பல்களும் எட்வர்ட் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் மோதின. ஹியூஸ் பின்வாங்கினார். அவருடைய மாலுமிகளைப் பீரங்கிக்கு முன்பே ஸ்கர்வி நோய் தின்றுகொண்டிருந்தது. ஜூன் 25 அன்று உள்ளிருந்த பிரெஞ்சுப் படை வெளியே பாய்ந்தது, மேலும் பலரை இழந்து திரும்பியது. அந்த மாதக் கடைசியில் மெடியா என்ற ஆங்கிலக் கப்பல் சமாதானக் கொடியோடு வந்தது. அது கொண்டுவந்த செய்தி: பிரிட்டனும் பிரான்சும் வெர்சாயில் பூர்வாங்க உடன்படிக்கையில் கையெழுத்திட்டுவிட்டன. கையெழுத்திட்ட நாள் 1783 ஜனவரி 20.

அங்கே மை உலர்ந்து ஏறக்குறைய ஐந்து மாதம் ஆன பிறகு இங்கே அத்தனை பேர் செத்திருக்கிறார்கள். இதை இறைவன் திருவுள்ளம் என்பவர்கள் நிதானமாக ஒன்றை யோசிக்கவேண்டும். ஜனவரியில் வெர்சாயில் சமாதானத்தை விரும்பிய இறைவன் ஜூனில் கடலூரில் கொலையை விரும்பினானா? அந்தச் சாவுகளுக்குக் காரணம் தேட வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதே இல்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றி வரவேண்டிய கடல்வழி, இந்தியத் துறைமுகங்களை வைத்துச் சூதாடிய ஆங்கில வணிகக் கம்பெனியும் பிரெஞ்சு அரசும், சென்னையில் கவர்னர் மக்கார்ட்னிக்கும் ஸ்டூவர்ட்டுக்கும் இருந்த பகை, முற்றுகைக்கு நாள் குறித்த தளபதிகள் எல்லாம் தரையிலேயே இருக்கின்றன. அந்தக் கம்பெனி அரசாங்கமே "எல்லாம் தெய்வச் செயல்" என்று சும்மா இருந்துவிடவில்லை. ஆணைக்குக் கட்டுப்படவில்லை என்று அதே ஆண்டு ஸ்டூவர்ட்டைப் பதவிநீக்கிக் கைதுசெய்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றியது. தன் நட்டத்துக்குப் பொறுப்பாளி யார் என்று அது மனிதர்களிடையேதான் தேடியது. செத்த சிப்பாய்களின் குடும்பங்களுக்கு மட்டும் அந்தத் தேடல் தேவையில்லை என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம்.

இந்தக் கரைக்கு இரண்டு விதமான சாவும் தெரியும். கெடிலம் கடலில் கலக்கும் தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் சிதைவு நிற்கிறது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை அதைப் பிடித்துத் தகர்த்தது. அதே தேவனாம்பட்டினத்தை 2004 டிசம்பர் 26 காலையில் கடல் விழுங்கியது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். அந்த அலையை யாரும் அனுப்பவில்லை, யாரும் நிறுத்தியிருக்கவும் முடியாது. அதற்கு முன்னால் நின்று "ஏன் இறைவா" என்று கேட்பவனின் கேள்வி நியாயமானது. ஆனால் லாலியின் பீரங்கிக்குத் திசை காட்டியது ஒரு மனிதக் கை. திரியில் நெருப்பு வைத்தது இன்னொரு கை. அலைக்குக் கேட்கவேண்டிய கேள்வியைப் பீரங்கிக்கும் கேட்பவன், பீரங்கிக்குப் பின்னால் நின்றவனைத் தப்பவிடுகிறான்.

இனி சிதம்பரம். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர்ப் படைகள் தெற்கே இறங்கியபோது தில்லைவாழ் அந்தணர்கள் என்ன செய்தார்கள்? அசையாத அணுவையும் அசைப்பவன் தன்னைத் தானே காத்துக்கொள்வான் என்று கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. நடராசர் திருமேனியைப் பெயர்த்தெடுத்து 1648 டிசம்பரில் ஊரைவிட்டுக் கொண்டுபோனார்கள். முதலில் குடுமியான்மலை, பிறகு மதுரை. 1686 நவம்பரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். திருவாரூரில் கிடைத்த செப்பேடுகள் அந்த இடைவெளியைக் கணக்கிட்டுச் சொல்கின்றன: 37 ஆண்டு, 10 மாதம், 20 நாள். ஒரு தலைமுறைக்கும் மேலாகப் பொற்சபையில் கூத்தன் இல்லை. ஐந்தொழில் புரிபவன் என்று நாம் பாடும் பெருமானை மனிதர்கள் தோளில் சுமந்து காப்பாற்றினார்கள். அவர்களைவிடப் பக்தி மிகுந்தவர்கள் நாம் என்று சொல்லிக்கொள்ள முடியுமா? போர் வரும்போது தம் பங்குக்குச் செய்யவேண்டியது என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து அந்தக் கோயிலே கோட்டை ஆனது. 1781 ஜூனில் ஹைதர் அலியின் காவல்படை உள்ளே இருந்தது. அயர் கூட்டின் ஆங்கிலப் படை மதிலைத் தாக்கிவிட்டுத் தோற்றுத் திரும்பியது. சில நாளில், ஜூலை 1 அன்று, பரங்கிப்பேட்டையில் ஹைதரைக் கூட் வென்றார். கோயில் மதில் என்பதால் உள்ளே புகுந்தவனும் தயங்கவில்லை, வெளியே நின்று சுட்டவனும் தயங்கவில்லை. மதில் உயரமாக இருந்தது, கல் கனமாக இருந்தது. கோயிலைக் கோட்டையாக்க முடிவெடுத்தவர்களுக்கு அது போதும். சந்நிதியிலேயே இப்படி நடந்ததை அவன் செயல் என்றால், அவன் தன் வீட்டைத் தானே இடித்துக்கொள்கிறவன் என்று ஆகும். எந்தத் தேவாரப் பாட்டிலும் அப்படி ஒரு சிவனை நான் கண்டதில்லை.

தத்துவத்துக்கு வருகிறேன். "எல்லாம் அவன் செயல்" என்பவர்கள் தங்கள் பின்னால் சைவ சித்தாந்தம் நிற்பதாக நினைக்கிறார்கள். இந்த ஊரிலேயே, கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியாரை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அவர் வாழ்ந்த காலம் அமைதியான காலம் இல்லை. 1311இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை தமிழகத்துக்குள் புகுந்தது. பொன்மயமான ஒரு கோயிலை அது சூறையாடியதாக டெல்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரோ எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கோயில் சிதம்பரம்தான் என்று சில வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள், வேறு சிலர் ஒப்புவதில்லை. எப்படியானாலும் குஸ்ரோவின் எழுத்தில் அந்தச் சூறை இறைவன் அருளிய வெற்றி. வென்றவன் எப்போதும் அப்படித்தான் எழுதுவான். இரண்டு ஆண்டு கழித்து, சக ஆண்டு 1235இல், அதாவது கி.பி. 1313இல், உமாபதி சங்கற்ப நிராகரணம் எழுதினார். மாற்றுக் கொள்கைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி மறுக்கும் நூல் அது. மறுத்துப் பேசுவது பக்திக்கு விரோதம் என்று எண்ணுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சித்தாந்தத்தில் உயிர் பொம்மை இல்லை. இறைவனைப் போலவே அதுவும் அனாதி. அறிவும் இச்சையும் செயலும் அதற்கு உண்டு. ஆணவம் அவற்றை மறைக்கிறது, அருள் விளக்குகிறது. வினை செய்வது உயிர், அதன் பயனை ஊட்டுவது இறைவன். சூரியன் முன்னால் ஒரு தாமரை மலர்கிறது, ஒன்று வாடுகிறது, சூரியன் மாறுவதில்லை என்று ஆசிரியர்கள் விளக்குவார்கள். வினையையும் இறைவனே செய்கிறான் என்று வைத்துக்கொண்டால் மும்மலத்தில் கன்மத்துக்கு இடமே இல்லாமல் போகிறது. யார் செய்த வினையை யார் நுகர்வது? மறுபிறவி எதற்கு? முத்தி எதற்கு? கட்டடம் முழுக்கச் சரிந்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு பதில் வரும். நான் கேட்ட பதில்களிலேயே கொடியது அது: செத்தவர்கள் தங்கள் முன்வினையால் செத்தார்கள், கொன்றவன் அந்த வினையை நிறைவேற்றிய கருவி. இதற்கும் சித்தாந்தமே மறுப்பு வைத்திருக்கிறது. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று அது வினையை மூன்றாகப் பிரித்தது. செத்தவனுக்கு அது பிராரத்தம், இப்பிறவியில் நுகர வந்த பழவினை, என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கொன்றவனுக்கு அது ஆகாமியம், இன்று புதிதாக அவனே ஏற்றிக்கொண்ட வினை. கருவிக்கு ஆகாமியம் ஏறாது. அவனுக்கு ஏறுகிறது என்றால் அவன் கருவி இல்லை, செய்தவன். இன்னொன்றும் உண்டு. அடுத்தவனுடைய வினைக்கணக்கு இறைவனுக்கு மட்டுமே தெரியும். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும், இந்தக் குழந்தை சாகத் தகுந்தது என்று பேசுகிறவன் இறைவன் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். ஆணவத்துக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

அப்படியானால் எல்லாம் சிவன் செயல் என்று பெரியோர்கள் சொன்னது பொய்யா? பொய் இல்லை. யார், எந்த நிலையில் சொன்னார்கள் என்று பார்க்கவேண்டும். சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரம் அந்த நிலையைப் பேசுகிறது: தான் என்பது அற்று, இறைபணியில் நிற்கும் உயிருக்குத் தன் செயல் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. மலம் கழன்றவனின் சொல் அது. எல்லை பிடிக்கவும் பழி தீர்க்கவும் தேர்தலில் ஜெயிக்கவும் படை அனுப்புகிறவன் அந்தச் சொல்லைக் கடன் வாங்கமுடியாது. வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார், அதையும் அரசியல் பேசும் பகுதியில் வைத்தார் என்பதைச் சொல்ல ஆள் குறைவு.

சேக்கிழார் தில்லைக் கோயிலிலிருந்து பாடிய பெரியபுராணத்திலும் போர் வருகிறது. இதே மாவட்டத்துத் திருவாமூரில் பிறந்த திலகவதியாருக்கு நிச்சயம் செய்யப்பட்டவர் கலிப்பகையார். மன்னன் ஏவலால் போர்க்களம் போய் அங்கே இறந்தார். திலகவதியார் உயிரை விடத் துணிந்தார். தம்பி மருணீக்கியார் காலில் விழுந்து கெஞ்சியதும் அவருக்காக உயிரோடு இருக்க முடிவு செய்தார். அந்த முடிவு இல்லாவிட்டால் அந்தத் தம்பி நமக்கு அப்பராகக் கிடைத்திருக்கமாட்டார். கலிப்பகையாரைக் களத்துக்கு அனுப்பியவன் மன்னன் என்று சேக்கிழார் சொல்கிறார். சிவன் அனுப்பியதாகவோ கொன்றதாகவோ அவர் பாடவில்லை. அருள் வேலை செய்யும் இடத்தை அவர் வேறெங்கோ வைத்தார்: அக்கா தம்பிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்த அந்த வீட்டில்.

எதிர்க்கட்சியின் ஆகப் பலமான சாட்சியை நான் ஒளிக்கப்போவதில்லை. அதுவும் இந்த மண்ணிலிருந்தே வருகிறது. திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர்க்காரரான வில்லிபுத்தூராரின் பாரதத்தில், தூது போகும் முன் கண்ணன் சகாதேவனிடம் போரை நிறுத்த வழி கேட்கிறான். சகாதேவன் சொல்லும் வழி: கர்ணன் நாடாள வேண்டும், அர்ச்சுனன் சாக வேண்டும், பாஞ்சாலியின் கூந்தல் களையப்பட வேண்டும், உன்னையும் நான் கட்டிப்போட வேண்டும். கண்ணனின் முகத்துக்கு நேரே, போரை நடத்துபவன் நீயே என்று சொல்லும் இடம் இது. தென்னார்க்காட்டுக் கூத்தில் இந்தக் காட்சிக்குக் களரி அதிர்வதை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள்.

ஆனால் சகாதேவனின் பட்டியலை எண்ணிப் பாருங்கள். நான்கில் மூன்று மனிதர்களுடையவை. கர்ணனுக்கு மறுக்கப்பட்ட அரசு ஒன்று. அர்ச்சுனனின் பகை ஒன்று. சபையில் அவமானப்படுத்தப்பட்டவளின் சபதம் ஒன்று. கண்ணன் நான்காவதாகத்தான் வருகிறான். அதைக் கேட்ட பிறகும் கண்ணன் தூது போகிறான். பாதி நாடு கேட்டு, பிறகு ஐந்து ஊர் கேட்டு நிற்கிறான். போர் முன்பே தீர்ந்துபோன காரியம் என்றால் அந்தத் தூது வெறும் ஏமாற்று. கிருஷ்ணன் தூது நடக்கும் இரவில் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் சனம் ஏமாற்றைப் பார்க்க உட்காரவில்லை. துரியோதனன் இப்போதாவது இணங்குவானா என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறது. அவன் இணங்கியிருக்க முடியும். அதனால்தான் அவன் மறுப்பு நம்மைச் சுடுகிறது. கீதையிலும், நீ கருவி மட்டுமே என்று சொன்ன அதே கண்ணன், கடைசியில் எல்லாவற்றையும் ஆராய்ந்து உன் விருப்பப்படி செய் என்று அர்ச்சுனனிடமே முடிவை விடுகிறான். முதலில் சொன்னது எல்லோருக்கும் மனப்பாடம், கடைசியில் சொன்னது எத்தனை பேர் நினைவில் இருக்கிறது?

சிப்பாய்க்கு ஏது விருப்பம், மேலிடத்து ஆணைதானே என்று அடுத்துக் கேட்பார்கள். அவனுடைய விருப்பத்தின் இடம் குறுகலானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றுகொண்டிருந்தார்கள். அதே படையைச் சேர்ந்த ஹெலிகாப்டர் விமானி ஹியூ தாம்சன், கொல்ல வந்தவர்களுக்கும் ஓடி ஒளிந்தவர்களுக்கும் நடுவே தன் ஹெலிகாப்டரை இறக்கினார். இந்த மக்கள் மேலோ என் மேலோ இவர்கள் சுட்டால் திருப்பிச் சுடுங்கள் என்று தன் குழுவினருக்கு உத்தரவிட்டு, சிலரை உயிரோடு மீட்டார். ஒரே நாள், ஒரே ஊர், ஒரே சீருடை. விதி எழுதியது என்றால் இருவருக்கும் ஒன்றாகத்தானே எழுதியிருக்கும்?

நம் சங்கப் புலவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடச் சோழன் கிள்ளிவளவன் துணிந்தபோது கோவூர்கிழார் போய் நடுவில் நின்று பேசினார். நெடுங்கிள்ளிக்கும் நலங்கிள்ளிக்கும் நடுவிலும் அவரே போனார், தோற்பது யாரானாலும் தோற்பது உங்கள் குடியே என்று இருவருக்கும் எடுத்துச் சொன்னார். மன்னன் மனம் மாறக்கூடியது என்று நம்புகிறவன்தான் இப்படிப் போவான். எல்லாம் எழுதியபடி என்று நம்புகிறவன் பரிசில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான்.

இவ்வளவும் பழங்கதைக்காக நான் பேசவில்லை. 2009இல் இலங்கையின் முள்ளிவாய்க்காலில் நம் சனம் செத்தபோது தமிழ்நாட்டில் எத்தனை பேர் வாயில் "விதி" வந்தது என்று நினைத்துப் பாருங்கள். அந்த விதியை ஐக்கிய நாடுகள் பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் தன் அறிக்கையில் பிரித்து வைத்தது. அரசே பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடங்களில் அரசப் படையின் எறிகணைகள் விழுந்தன. மருத்துவமனைகள் தாக்கப்பட்டன. உணவும் மருந்தும் தடுக்கப்பட்டன. புலிகள் மக்களைத் தங்களோடு பிடித்துவைத்தார்கள், தப்பியோட முயன்றவர்களைச் சுட்டார்கள். கடைசிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை என்றது குழு. இதில் எது வானத்திலிருந்து விழுந்தது? ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணை உண்டு. ஒவ்வோர் ஆணைக்கும் அதைப் பிறப்பித்த ஆள் உண்டு. கொழும்பில் இருந்தவர்கள் உண்டு, வன்னியில் இருந்தவர்கள் உண்டு. உதவாமல் இருந்த டெல்லி உண்டு, சென்னையும் உண்டு.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பத்தார் 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். கந்தசுவாமி கோயில் முன்னால்தான் உட்கார்ந்தார்கள். முருகனை வணங்குகிற தாய்மார்கள்தான். ஆனால் "என் பிள்ளை எங்கே" என்ற கேள்வியை அவர்கள் கந்தனிடம் வைக்கவில்லை, அரசாங்கத்திடம் வைத்தார்கள். படையிடம் கையளித்த பிள்ளையைப் பற்றிப் படைதான் பதில் சொல்லவேண்டும் என்பது அவர்களுக்கு எந்தச் சாத்திரமும் படிக்காமல் தெரிந்திருக்கிறது. பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் இறந்துபோனார்கள். எறிகணையை எந்த இடம் பார்த்துச் சுடச் சொன்னது யார், மருந்துக் கப்பலை மறித்தது யார், கடைசி நாட்களில் சரணடைந்தவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனது எந்தப் பிரிவு, அந்தப் பேருந்து எங்கே நின்றது என்ற கேள்விகள் அப்படியே கிடக்கின்றன. பதில் தெரிந்த மனிதர்களில் பலர் உயிரோடு இருக்கிறார்கள்.